மேலே அனுப்பிய நன்றி மெயில்

திங்கள், 8

காலையிலேயே புழுக்கம். மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து ஆபீஸ் வருவதற்குள் துப்பட்டா தொப்பல். செருப்பு வார் தைக்கணும்.

மயிலாப்பூர் பார்வையற்றோர் படிப்பகத்தில் இருந்து ஜமீலா அக்கா மெயில். திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் எங்கள் சாஃப்ட்வேரை வைத்துத்தான் அங்கே எல்லோரும் படிக்கிறார்கள். புது அப்டேட் அருமையாம். அடையாறில் இன்னொரு படிப்பகத்துக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாராம், அங்கேயும் சந்தோஷமாம். மெயிலில் மூன்று தடவை நன்றி.

அப்ரைசல் நேரம். பாராட்டு வந்தால் அனுப்பச் சொல்லியிருந்தார் மேனேஜர் ரகு. உடனே ஃபார்வர்ட். நாள் முழுக்க ஒரே குஷி.

புதன், 10

ரகு கூப்பிட்டார். வாயெல்லாம் பல்லாகப் போனேன்.

"ரெண்டாவது பாரா படிச்சியா இல்லையா? அப்டேட்ட வெளில குடுத்திருக்காங்க. சந்தாவ நிறுத்திடு."

"ஓப்பன் சோர்ஸ்தானே சார்? யாருக்கு வேணா குடுக்கலாம்னு லைசென்ஸே சொல்லுதே."

"குடுக்கட்டும், யார் தடுத்தா? குடுத்தா அடுத்த அப்டேட் நம்மகிட்ட இருந்து கெடையாது. சந்தா அக்ரிமென்ட்ல இருக்கு, கையெழுத்துப் போட்டிருக்காங்க."

இரண்டும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். காலேஜில் படிக்கும்போது ஆசைக்கு நான் எழுதிக் கொடுத்த உச்சரிப்புப் பகுதியும் அந்த சாஃப்ட்வேருக்குள் இருக்கு. சும்மாதான் கொடுத்தேன். மதியம் சாப்பிடப் பிடிக்கலை.

வியாழன், 11

செய்ய வேண்டியது:
– அம்மாவுக்கு மாத்திரை
– கேஸ் புக்கிங்
– ஜ. அக்காவுக்குக் கடிதம்

மூன்றாவதை முதலில் முடித்தேன். காரணமும் போட்டாச்சு, அப்டேட் பட்டியலில் இருந்து படிப்பகத்தின் பெயரையும் எடுத்தாச்சு. நேரில் போய்ச் சொல்லத் துணிவில்லை, கோழை.

இருக்கிற காப்பி ஓடும். ஆனால் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இணையப் பக்கத்தை மாற்றிவிட்டார்கள். நாளை போகும் அப்டேட் இல்லாவிட்டால் அதை வாசிக்காது. படிப்பகத்தில் ஆறு பேர் விண்ணப்பிக்கணும். கடைசி நாள் செவ்வாய். மாத்திரை மறந்தே போச்சு.

வெள்ளி, 12

தூறல். அப்டேட் எல்லோருக்கும் போனது, படிப்பகத்தைத் தவிர.

பதினொரு மணிக்கு ஜமீலா அக்கா போன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஆறு பேரும் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கம்மா. பக்கம் தெறக்குது, சத்தமே வரல."

"சாரிக்கா."

"நான் உங்களுக்கு மட்டும்தானே எழுதினேன். மேல யாரு சொல்லியிருப்பாங்க?"

"தெரியலக்கா" என்றேன்.

"நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்மா."