ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம்

இன்று காலை அம்மா ராசாத்தியின் தலைமுடியை மறுபடி வெட்ட உட்கார்ந்தாள். பாதி வெட்டியதும் கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாள். என் தங்கையின் தலை ஒரு பக்கம் பையனாகவும் மறுபக்கம் பெண்ணாகவும் இருந்தது.

"பொம்பளப் புள்ளன்னா ஜப்பான் சோல்ஜர் தூக்கிட்டுப் போறான். ஆம்பளப் புள்ளன்னா சயாமுக்கு ரயில் ரோடு போடத் தூக்கிட்டுப் போறான். இதுக்கு நான் எந்த வேஷம் போட்டு விடறது, சொல்லு?" என்று என்னைக் கேட்டாள். தரையில் கிடந்த முடியிலிருந்து செம்பனை எண்ணெய் வாசம் வந்தது. உன் பின்னலை உன் அம்மா வெட்டிய நாளிலும் இதே வாசம்தான். அதனால்தான் தோழி, உனக்கு எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்றும் தெரியாது.

அன்று நீ அழுவாய் என்று நினைத்தேன். உன் அண்ணனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு படியேறி வந்து, "மாப்பிள்ளை எப்படிடீ?" என்றாய். "மீசை ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன். எனக்கும் முடி வெட்டினார்கள், ஆனால் என் உடம்பு எந்தச் சட்டைக்குள்ளும் ஒளிய மறுத்தது. ஆகவே நான் மேல்மாடி அறைக்குள் அடைந்து கிடந்தேன். ஒல்லியான நீ சூலியா தெரு வரை நடந்து, கிழங்கு வாங்கும் வரிசையில் ஆண்களோடு நின்றாய்.

போருக்கு முன் நாம் பார்த்த அந்தக் குழந்தைகள் படத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பிள்ளைகளைத் தின்னும் அரக்கியின் குகைக்குள் ஒரு சின்னப் பெண் தன் தம்பியைத் தேடி இறங்குவாள். போகப் போக விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். அரக்கி அவளுடைய அம்மாவின் குரலில் கூப்பிடுவாள். படம் முழுக்க அந்தத் தம்பி மயங்கிக் கிடப்பான். ஆனால் கொட்டகை வாசலில் இருந்த விளம்பரத் தட்டியில் அவனைத்தான் கையில் வாளோடு பெரிதாக வரைந்திருந்தார்கள். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு நின்றாள்.

நீ சும்மா போகவில்லை. டிக்கெட் கிழிப்பவரிடம் நியாயம் கேட்டாய்.

"பொம்பளப் புள்ளையப் பெருசா வரைஞ்சா எந்தப் பையன் வருவான் லா? பொம்பளைங்க எதைப் போட்டாலும் வருவீங்க" என்றார் அவர்.

"அப்போ பையனுங்களை ஏமாத்தி உள்ள விடுறீங்களா அண்ணே?"

"உள்ள வந்துட்டா அவனே உக்காந்து பார்ப்பான், தங்கச்சி. வெளிய நிக்கிறவனைத்தானே நான் இழுக்கணும்?"

நாம் பெண்கள் பக்கத்தில், இடுப்பளவு பலகைத் தடுப்புக்கு இந்தப் புறம் உட்கார்ந்தோம். அரக்கி வந்ததும் அந்தப் புறம் பையன்கள் வீறிட்டு அழுததும், அப்பன்மார் அவர்களைத் தோளில் போட்டு வெளியே ஓடியதும் காதில் விழுந்தன. நம் பக்கத்துச் சிறுமிகள் பாவாடையை வாயில் கடித்துக்கொண்டு கண் கொட்டாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டைக் காட்டலாமா என்று நான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். உனக்கு இருட்டு ஒரு பொருட்டாகவே இல்லை.

"நாம எத்தனை ராஜகுமாரனா மாறிப் படம் பார்த்திருக்கோம்! அவனுங்க ஒரு தடவை இவளா மாறிப் பார்த்தா தேய்ஞ்சா போயிடுவானுங்க? அந்தப் பக்கம் உக்காந்து பார்க்கணும்டீ. இவ இறங்குறப்ப அவனுங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு."

அதற்குப் பிறகு எந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்தாலும் போகிறவன் யார், காத்திருப்பவள் யார் என்றே என் கண் தேடியது. எல்லாப் புத்தகத்திலும் ஒரே பதில்தான் இருந்தது.

ஜப்பான்காரன் வந்தபின் நமக்குப் படம் இல்லை. நீ படம் சொன்னாய். கொட்டகைக்குப் போக முடியாத பெண்களுக்கு, பார்த்து வந்தவள் ஒருத்தி உட்கார்ந்து முழுப் படத்தையும் சொல்வது நம் வீடுகளில் வழக்கம்தானே. பாட்டு வரும் இடத்தில் பாடி, இடைவேளைக்கு நிறுத்தித் தண்ணீர் குடித்து, நீ அதை அப்படியே செய்தாய். மதிய நேரத்தில் மரச் சன்னல்களைச் சாத்திவிட்டுச் சந்துப் பிள்ளைகளையெல்லாம் எங்கள் அறையில் உட்கார வைத்தாய்.

"பசியில கிடக்குற புள்ளைங்களுக்கு அரக்கி கதையா?" என்று அம்மா கத்தினாள்.

"இதுங்க பார்க்காத அரக்கியையா அத்தை நான் சொல்லிடப் போறேன்?" என்றாய். அம்மா கீழே போய்விட்டாள்.

அந்த அறையில் பாதிப் பையன்கள் உண்மையில் பெண்கள். ராசாத்தியை நாங்கள் ராசு என்று கூப்பிட்டுப் பழக்கியிருந்தோம். அவள்தான் ஒருநாள், குகை வாசல் வந்ததும், உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவளைப் பையனா மாத்திடு. பொண்ணுன்னு தெரிஞ்சா புடிச்சுக்குவாங்க."

நீ அவளை இழுத்து மடியில் உட்கார வைத்தாய். பிறகு, "அவ பொண்ணுதான். பொண்ணாவே போவா" என்றாய்.

பிறகு ஜப்பான்காரனின் அறிவிப்பு வந்தது. இலவசப் படம், முடிந்ததும் ஆளுக்கு ஒரு பொட்டலம் அரிசி. அரிசிக்காகப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் மட்டும், "ஆம்பளைங்க பக்கம் உக்காரப் போறேன்டீ" என்றாய். உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மீதியைக் கிழங்கு விற்கும் செல்லாயி அக்கா வந்து சொன்னாள். அவள் பெண்கள் பக்கத்தில் இருந்தாளாம். பாதிப் படத்தில் விளக்கைப் போட்டார்கள். பெண்கள் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து, "போ, போ" என்று விரட்டினார்கள். ஆண்கள் பக்கத்துக் கதவில் லோரியின் பின்புறம் ஒட்டி நின்றது. நீ அந்த இடுப்பளவு பலகைக்கு அந்தப் புறம் நின்றாய்.

"நான் வாயத் தொறந்தேன் தாயி. அது பொம்பளப் புள்ளன்னு சொல்லிடலாம்னு. அது என்னப் பார்த்துத் தலையாட்டிச்சு. வேணாம்னு. சுத்தி நின்னவனுங்கள நீ பார்க்கல. சொல்லியிருந்தா அங்கயே..." என்று சொல்லி அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மாதங்கள் போயின. உன் அம்மா வாசற்கதவைத் தாழிடவே மறுத்தாள். நான் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன்: யாருக்கும் தெரியக்கூடாது, கடைசிவரை நீ பையனாகவே இருக்க வேண்டும். உன்னைப் பெண்ணாகத் திருப்பிக் கொடு என்றுகூடக் கேட்கவில்லை.

போன வாரம் செல்லாயி அக்கா கிழங்கு வாங்கக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் போனபோது ஒரு சேதி கேள்விப்பட்டாள். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் புக்கிட் தெங்கா பக்கம் உறவினர் வீட்டில் ஒளிந்திருக்கிறார், உன்னோடு ஒரே லோரியில் ஏறியவர் என்று. என் அம்மாவும், முக்காட்டுக்குள் ஒளிந்தபடி நானும், படகேறிப் போனோம். அவருடைய கால் முழுக்கப் புண். பின்கட்டில் பாயில் படுத்தபடியே பேசினார்.

"ரயில்ல மூடின பெட்டி. மூச்சு முட்டுது. சின்னப் பசங்க அழறானுங்க. அந்தப் பையன் ஒரு படம் சொல்ல ஆரம்பிச்சான். பொம்பளப் புள்ள கதைடா, எவன் கேப்பான்னு நான்தான் முதல்ல கத்தினேன். அப்புறம் நான்தான் பக்கத்துல போயி உக்காந்தேன்."

முகாமிலும் சொன்னாயாம். மரம் வெட்டி வந்த ஆண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, அரக்கி அம்மாவின் குரலில் கூப்பிடும் இடத்தில் முகத்தை மூடிக்கொண்டார்களாம். நீ பார்க்க ஆசைப்பட்ட முகங்கள். குகையை நீ தினமும் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினாயாம். அவள் வெளியே வருமுன்னே உனக்குக் கழிச்சல் நோய்.

"குளிப்பாட்டறப்பதான் தெரிஞ்சுது. நாலு பேரு இருந்தோம். யாரும் மூச்சு விடல. என் வேட்டியச் சுத்தி, பொம்பளப் புள்ளைக்குச் செய்யுற மாதிரியே செஞ்சு புதைச்சோம், தாயி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வெட்கப்படுகிறவர் போலிருந்தது.

"தாயி, அந்தப் படம் நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"கடைசியில அந்தப் புள்ள வெளிய வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன். "தம்பியைத் தூக்கிக்கிட்டு வந்துடுச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களே. கதை என்ன ஆச்சுன்னு தினம் பேசிக்குவாங்க. அவங்ககிட்ட யாரு போயிச் சொல்றது?" என்றார்.

உன்னை மீட்கவும் முடியாது, அந்த முடிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் முடியாது. எங்கோ ஒரு காட்டில், பெயர் தெரியாத ஆண்கள், ஒரு பெண் குழந்தை வெளியே வருவதற்காக இந்த நேரமும் காத்திருக்கிறார்கள். அவள் வந்துவிட்டாள் என்பது இங்கே எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.