அறுந்த கிளட்ச் ஒயரும் உன் கருந்துளையும்

மச்சான்,

இன்று காலை மண்ணூர்பேட்டை சிக்னலைத் தாண்டியதும் கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நம் மெக்கானிக் அண்ணன் கடையில் நிறுத்தினேன். அவர் பழைய ஒயரை உருவிக் கீழே போட்டார். அறுந்த முனையில் இழைகள் பிரிந்து விரிந்து கிடந்தன. பார்த்ததும் உன் குரல் கேட்டது.

இதே கடையில், இதே போல் அறுந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உன் ஸ்டிரிங் தியரி ஆராய்ச்சியை எனக்கு விளக்கினாய். நான் கம்ப்யூட்டர் வேலைக்காகத் தென்காசியிலிருந்து வந்தவன். இயற்பியலைப் பிளஸ் டூவோடு தலைமுழுகியவன். நீ விடுவதாக இல்லை.

"எல்லாத்தையும் உடைச்சிகினே போனா கடைசில புள்ளி இல்ல மச்சான், துடிக்கிற கம்பிதான் கீது. அது கருந்துளை ஓரத்துக்குப் போச்சுன்னா, தூரத்துல நிக்கிற நம்ம பார்வைக்கு அது உள்ள விழவே விழாது. அங்கியே இப்டி இழை இழையா விரிஞ்சு, ஓரம் முழுக்கப் பரவிக்கும்."

"அப்போ விழுற கம்பிக்கு எப்படி இருக்கும்?" என்றேன்.

"பெரிய கருந்துளையா இருந்தா அதுக்கு ஒண்ணியும் தெரியாது. அது பாட்டுக்குத் தாண்டிப் போய்கினே இருக்கும்."

"டீ ஆறுது, குடி" என்றேன். என் இயற்பியல் அவ்வளவுதான். அண்ணன்தான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாய் பிளந்து கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ கண்ணே திறக்கவில்லை. வலித்ததா, எங்களை விட்டுப் போவது உனக்குத் தெரிந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆபீஸிலும் ஃபிளாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பேச ஒருவரும் இல்லை. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். போனால் உன் வீட்டு வாசலில் வண்டி தானாக நின்றுவிடுகிறது.

புது ஒயரை மாட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "இன்னா சார், கூட ஒருத்தரு வருவாரே, பேசிகினே இருப்பாரு. ஆளையே காணோம்?"

"வெளியூர் போயிருக்கான்ணே."

"வந்தா இட்டுகினு வா சார். அந்தக் கம்பிக் கதை பாதில நிக்குது."

தலையாட்டினேன். அவரைப் பொறுத்தவரை நீ இன்னும் விழவில்லை, மச்சான். ஓரத்திலேயே நிற்கிறாய். உன்னை உள்ளே தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

அறுந்த முனையை மட்டும் வெட்டித் தரச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆபீஸில் குனியும்போதெல்லாம் குத்துகிறது. போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். வெளியே நிற்கிறவன் என்ன ஆவான் என்று நீ சொல்லவே இல்லையே.