பதினாலாம் எண் பேருந்து

1998 ஜனவரி 5, திங்கள்

பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தபோது ஏனோ ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. எழுபத்து நான்கில் நான் பாடம் எடுத்த மூன்றாம் வகுப்பில் டமாரா எழுந்து நின்று கேட்டாள். “டீச்சர், உங்க வீட்டுக்காரரு ரேடியோல பாத்துப் படிக்கிறாரா, மனசுலேருந்து சொல்றாரா?”

“பார்த்துத்தான் படிக்கிறார். அதனால்தான் அவர் சொன்னால் நம்பலாம்” என்றேன். உதாரணமும் சொன்னேன்: கணக்கில் பக்கத்துப் பையன் விடையைப் பார்த்து எழுதினால் தப்பு, ரேடியோவில் பார்க்காமல் சொன்னால் தப்பு.

அந்தப் பதில் செப்டம்பர் மாதத்திலிருந்து பொய். என் கணவர் ஓரெஸ்டுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. எழுதிய தாளின் நடுவில் காபி கொட்டினால் ஓரத்து எழுத்து மட்டும் தெரியும் அல்லவா, அப்படி. வின்னிபெக் நகரத்து டாக்டர், பார்வை திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஏற்பாடு இது. விடியுமுன் நான் காரில் அவரை ரேடியோ நிலையத்தில் இறக்கிவிடுவேன். கேட்பவர்களிடம், எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். வீடு திரும்பியதும் பெர்னிஸ் தொலைபேசியில் கூப்பிடுவாள். பள்ளிப் பேருந்துகளுக்கு அவள்தான் பொறுப்பு. குளிரால் அன்று எந்தெந்தப் பேருந்து ஓடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு அரட்டை அடிப்பது அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். நிலையத்துக்கு அவள் தனியாக ஃபேக்ஸும் அனுப்புவாள். ஆனால் ஓரெஸ்ட் அந்தத் தாளைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டிருப்பார். ஒலிபரப்பில் போவது நான் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்த எண்கள்.

மார்ச் 14-ல் அவர் ரேடியோவுக்கு வந்து நாற்பது வருஷம் நிறைகிறது. விழாவுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. “அது வரைக்கும் சமாளிச்சிடலாம் டாரா. அப்புறம் நானே எறங்கிடறேன்” என்று என்னிடம் சொல்கிறார்.

பரீட்சையில் துண்டுச் சீட்டு கொடுத்த பிள்ளைகளை நான் எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்!

ஜனவரி 6

எங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. வழக்கமான பன்னிரண்டு வகை உணவும் வைத்தேன். பாட்டு முழுவதையும் ஓரெஸ்டே முன்னின்று பாடினார். பாட்டுக்குத் தாள் தேவையில்லை. வந்தவர்கள் யாருக்கும் கண் விஷயம் தெரியவில்லை.

ஜனவரி 17, சனி

மதியம் எங்கள் ஊர்த் தொலைக்காட்சியில், பனித்தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் இறுதியாட்டம். ஓரெஸ்ட் வீரர்களின் குரலைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தார். எல்லாம் நன்றாகப் போனது. குறிப்புத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைத் தவிர. கேமரா பக்கத்தில் வந்தபோது வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நிலைய மேலாளர் கர்ட்டிஸ் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே சிரிப்பு. “தலைவரே, தலைகீழ்ப் பாடம்னு சொல்வாங்களே, அதை இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்!”

ஓரெஸ்டும் சிரித்தார். “உன்னை மாதிரி ஆளுங்க முழிச்சிருக்கீங்களான்னு சோதிச்சேன்டா.”



பிப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் முப்பத்தாறு. காற்று வேறு.

5.40-க்கு பெர்னிஸ் சொன்னது: மூன்று, ஏழு, பதினொன்று, பத்தொன்பது. நான் ஓரெஸ்டுக்குச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். 6.40-க்கு ரேடியோவில் வழக்கம்போல ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை, நிதானமாகச் சொன்னார். எவ்வளவு நல்ல குரல் என்று நினைத்துக்கொண்டு டீ போட்டேன். டீ போட்டேன்!

ஒன்பது மணிக்கு பெர்னிஸ் மறுபடி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

“பதினாலாம் நம்பர் பஸ் ஸ்டார்ட்டே ஆகலடி. ஆறு இருவதுக்கே அதையும் சேத்துப் புதுசா ஃபேக்ஸ் அனுப்பிட்டேன். உன் வீட்டுக்காரரு ஏன் சொல்லல?”

பதினாலு வரும் சாலையில் டமாராவின் மகள் பிரியான் ஐம்பது நிமிஷம் நின்றிருக்கிறாள். ஒன்பது வயது. டமாரா ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அப்பா வடக்கே சுரங்கத்தில். பனி தள்ளும் வண்டிக்காரர்தான் குழந்தையைப் பார்த்துத் தூக்கி வந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் குளிரில் உறைந்து பனிக்கடி.

கடவுளே.

பிப்ரவரி 4

நேற்று ஓரெஸ்ட் கர்ட்டிஸிடம் சொல்லிவிட்டார்: “அந்த ஃபேக்ஸ் ஏழு மணிக்கு அப்புறம்தான் வந்துச்சு.”

வீட்டில் கேட்டேன். “மெஷின் ஓடின சத்தம் கேட்டுச்சு. பேப்பரை எடுத்தேன். அதே பட்டியல்தான் திரும்ப வருதுன்னு நெனச்சேன்” என்றார்.

“அப்போ ஏன் அப்படிச் சொன்னே?”

“இன்னும் அஞ்சு வாரம்தான் டாரா.”

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எங்கே கத்துவது? சீட்டு எழுதிக் கொடுத்தது யார்?

பிப்ரவரி 9

பள்ளி வாரியம் பெர்னிஸிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. பதில் வரும்வரை வேலைக்கு வர வேண்டாமாம்.

“உன் ஆளு பொய் சொல்ல மாட்டாருடி. மெஷின்தான் எங்கியோ மாட்டியிருக்கும்” என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் “ம்” என்றேன். எழுதும்போதே கை கூசுகிறது.

பிப்ரவரி 11

ஆஸ்பத்திரிக்கு, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகி எடுத்துக்கொண்டு போனேன். டமாரா பாத்திரத்தை வாங்கி வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“ஒரு விரல் நுனியை எடுக்கணுமாம் டீச்சர். வராண்டாவுல வந்து நிக்கக் கூடாதான்னு இவகிட்ட கேட்டேன். ‘ஓரெஸ்ட் பதினாலைச் சொல்லலம்மா, அப்போ பஸ் வரும்தானே’ங்கிறா. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, அவர் சொன்னா நம்பலாம்னு. நான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

கிளம்பும்போது பிரியான் இடது கையால் எழுதிய கடிதத்தை நீட்டினாள். ஓரெஸ்டுக்காம்.

பிப்ரவரி 13, வெள்ளி

இரண்டு நாள் அந்தக் கடிதம் என் பையிலேயே இருந்தது. இன்று காலை உணவு முடிந்ததும் அவர் முன்னால் வைத்தேன்.

“உனக்கு வந்திருக்கு. சத்தமாப் படி.”

“யாரு?”

“படியேன்.”

தாளைத் தூக்கினார். ஓரப்பார்வைக்காகத் தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. நாற்பது வருஷமாக ஊர் முழுவதும் கேட்ட குரல். “அன்புள்ள ஓரெஸ்ட் ஐயாவுக்கு, உங்கள் நிகழ்ச்சியை நாங்கள் குடும்பத்தோடு விரும்பிக் கேட்கிறோம். நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு எங்கள் வாழ்த்துகள்...” ஒரு தடுமாற்றம் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசியில் புன்னகையோடு மடித்து வைத்தார்.

நான் கடிதத்தை எடுத்து, பிரித்து, வாசித்தேன்.

“ஓரெஸ்ட், நான் பிரியான். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அன்றைக்கு என்மேல் உங்களுக்குக் கோபமா? எங்கள் பஸ்ஸை மட்டும் ஏன் சொல்லவில்லை?”

அவர் வெகுநேரம் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை படி” என்றார்.

படித்தேன்.

“பெர்னிஸ் வீட்டுக்கு வண்டியை எடு.”

“அவகிட்ட சொன்னா மட்டும் போதுமா?”

“போதாது. தெரியும் டீச்சரம்மா. மொதல்ல அவ.”

எல்லாவற்றையும் கேட்டபின் பெர்னிஸ் எங்களைத் திட்டவும் இல்லை, காபி கொடுக்கவும் இல்லை. “நீயுமாடி?” என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

ஏழு மணிச் செய்தி முடிந்தது. அடுத்து ஓரெஸ்ட் பேசியதைச் சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன்.

“மூணாம் தேதி காலையில பெர்னிஸ் சரியான நேரத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினாங்க. அந்தப் பேப்பர் என் கையில இருந்துச்சு. என்னால அதைப் படிக்க முடியல. செப்டம்பர்லேருந்தே எதையும் படிக்க முடியல. அதை மறைச்சேன். அப்புறம் பொய்யும் சொன்னேன். பிரியான், உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. தப்பு என்னோடது.”

என் பெயரைச் சொல்லவில்லை. அதனால் நானே பள்ளி வாரியத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

எட்டு மணிக்கு கர்ட்டிஸ் ஓரெஸ்டை வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டார். இந்தத் தடவை சிரிப்பில்லை. “எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தலைவரே” என்றார். அவ்வளவுதான்.

டமாரா கேட்டிருப்பாள். ஓரெஸ்ட் பார்க்காமல் சொன்னதில் நம்பத்தக்கது இது ஒன்றுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 16, திங்கள்

சனிக்கிழமை விழா நடக்கவில்லை. வீட்டுக்கு ஏழு பேர் வந்தார்கள். பெர்னிஸ் மறுபடி வேலைக்குப் போகிறாள். வந்தாள், கொஞ்சம் பேசினாள். டமாரா வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

இன்று மறுபடி பனிப்புயல். இப்போதெல்லாம் 5.40-க்குத் தொலைபேசி அடிப்பதில்லை. இருவரும் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு புதுப் பெண் பேருந்து எண்களைப் படித்தாள். அவசரம், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். பதினாலையும் சொன்னாள். நடுவில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“பாத்துப் படிக்கிறா” என்றார் ஓரெஸ்ட். கையைத் துழாவிக் கோப்பையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

என்றாவது இந்த நோட்டைப் படிக்கிறவருக்கு: வீட்டில் வயதானவர் இருந்தால், அவர் இதுவரை பார்க்காத ஒரு கடிதத்தை இன்று அவர் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.