பத்து எண்ணிட்டு மறுபடி போடுங்க

திங்கள், 4
காலையிலேயே மழை. குடையை எல்ஆர்டி ரயிலில் விட்டுவிட்டேன். இந்த வருஷம் மூன்றாவது.

கேபிள் டிவி ஹெல்ப்லைனை மூடி, எங்களில் நாலு பேரை மட்டும் போனிலும் டிவியிலும் படம் பார்க்கும் ஆப் பக்கம் மாற்றி ஏழு வாரம் ஆகிறது. வீடுகளுக்குப் படம் ஒழுங்காகப் போகிறதா என்று சுவர் நிறையத் திரைகளில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. மூன்று மாதம் சோதனைக்காலம். தேறாவிட்டால் வீட்டுக்கு. ஐம்பத்து மூன்று வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்?

இருபது வருஷமாக போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "பெட்டிய ஆஃப் பண்ணுங்க, பத்து எண்ணிட்டு மறுபடி போடுங்க." தூக்கத்திலும் சொல்கிறேனாம். வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

செவ்வாய், 5
இன்று பார்த்ததை எழுதியே ஆகவேண்டும். மாலை ஆறரை. திரையில் போனில் பார்ப்பவர்களின் கோடு இறங்க இறங்க டிவியில் பார்ப்பவர்களின் கோடு ஏறியது. நித்யாவிடம் கேட்டேன். (மதுரைப் பெண், என்ஜினியர். என் மகள் வயது, எனக்கு மேலதிகாரி.)

"எல்லாரும் ரயில விட்டு இறங்கி வீட்டுக்குப் போறாங்கக்கா. போன்ல பாத்த சீரியல விட்ட இடத்துலேர்ந்து டிவில போடுறாங்க."

ஊரே வீடு திரும்புவது ஒரு கோடாக! வாயைப் பிளந்து நின்றேன். கேபிளில் நாம் அனுப்புவதோடு சரி. யார் பார்க்கிறார்கள், யார் தூங்கிவிட்டார்கள், தெரியாது. இங்கே ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வந்து கதவைத் தட்டி வாங்கிப் போகிறது.

வாங்க வேண்டியவை: பால், வெண்டைக்காய், குடை.

வியாழன், 7
கெட்ட நாள். மதியம் சமையல் நிகழ்ச்சி. கொஞ்சப் பேருக்குப் படம் நின்றது. நித்யா சாப்பிடப் போயிருந்தாள். கை தானாகப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எல்லோர் திரைக்கும் ஒரு வரி அனுப்பினேன்: அணைத்துவிட்டு மீண்டும் போடவும்.

போட்டார்கள். அத்தனை பேரும், ஒரே நேரத்தில். கோடு தரையில் விழுந்தது. எல்லோரும் ஒன்றாக உள்ளே நுழையப் பார்க்க, லாகின் திணறி நின்றேவிட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் நானே வெளியே தள்ளியிருக்கிறேன்.

நித்யா ஓடி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுச் சரிசெய்தாள். "கேபிள்ல ஒரு வீடு ஆஃப் பண்ணா அந்த வீட்டோட போச்சு. இங்க எல்லாரும் ஒரே கதவு வழியா வரணும்க்கா. நாங்க சரிபண்ற வரைக்கும் அவங்கள அசைக்கக் கூடாது."

பாஸ்: "சனிக்கிழமை கிரிக்கெட் இருக்கு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்கள வெச்சுக்க முடியாதுலா."

பயம். வெட்கம். இருந்தாலும் மலைப்பு போகவில்லை. நான் ஒரு வரி தட்டினேன், அத்தனை பேர் ரிமோட்டை எடுத்தார்கள்.

வெள்ளி, 8
வேலைக்கு முன் தேக்கா சந்தை. பூ, வெற்றிலை. பக்கத்தில் மார்சிலிங் தொழிலாளர் விடுதித் தம்பிகள் இருவர்.

"நாளைக்கு மேட்சு உன் போன்லதான். பதினாலு பேரு."

"நிக்காம ஓடணும்டா."

பதினாலு பேர். என் சுவரில் அது வெறும் ஒன்று. அப்படியென்றால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு சனம்!

சனி, 9
மேட்ச். கோடு திரையின் உச்சியைத் தொட்டது. நித்யா அளவை மாற்றினாள், மறுபடி தொட்டது.

கடைசி ஓவர். திரை வரைபடத்தில் வடக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு, புக்கிட் பாஞ்சாங், மார்சிலிங் எல்லாம். படம் நின்றுவிட்டது. பாஸ் என் பின்னால். விரல் அந்தப் பழைய வரியைத் தட்டப் போயிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

வீட்டிலிருந்து போன். அவர். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன் நித்யாவை.

"நின்னுபோச்சு. ஆஃப் பண்ணிட்டு பத்து எண்ணவா?"

"தொடாதீங்க! கையக் கட்டிட்டு உக்காருங்க. நானும் அப்படித்தான் இருக்கேன்."

நித்யா படத்தை வேறு வழியில் திருப்பிவிட்டாள். சிவப்பு மஞ்சளானது. பச்சை. கோடு விழாமல் அப்படியே நின்றது. யாருமே எழுந்து போகவில்லை. விடுதியின் பதினாலு பேரும், அந்த ஒரு போனோடு, காத்திருந்திருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

பாஸ்: "மூணு மாசம் ஆக வேணாம். திங்கக்கெழம வந்து வேலைய நிரந்தரமாக்குற லெட்டர வாங்கிக்குங்க."

கையை வெளியே எடுத்தால் மரத்துப்போயிருந்தது. அவரிடமிருந்து வாட்ஸ்அப்: "வந்துருச்சு. தொடல."