முதல் வாய்ச் சோறு

சாந்த்ராகாச்சி,
ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரருக்குத் தமயந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். குழந்தையின் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்களே, பிறகு எங்கே சொல்வது? காகிதம் அழாது. நிதானமாகப் படியுங்கள்.

நம் அனு மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடலாம் என்று பெரிய டீச்சரே வீட்டுக்கு வந்து சொன்னார். நம் காலனி செல்வராஜ் அண்ணன் ரயில்வே ஷெட்டுக்குப் போகும் வழியில் அவளை ஸ்கூட்டரில் இறக்கிவிடுகிறார். பகலில் அவள் குழந்தை அடுத்த குவார்ட்டர்ஸ் வங்காளி அண்ணி, நம் ஷிப்ரா பௌதியிடம். மத்தியானம் அனு பால் கொடுக்க பௌதியே பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். டீச்சர்கள் அறையில் ஒரு மூலையைத் திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு அப்பனான அந்தப் பையனைப் பற்றி அனுவை யாரும் துருவிக் கேட்கக் கூடாதென்று பூஜைக் கமிட்டிப் பெண்கள் பேசிவைத்துவிட்டார்கள். நானும் கேட்பதில்லை. ஊர் வாய்க்குப் பயந்துதானே சக்ரதர்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனீர்கள்? நீங்கள் பயந்த இந்தக் காலனிதான் இப்போது நம் கொடியில் குழந்தைத் துணி காயப்போடுகிறது.

சண்டையும் உண்டு. கடுகெண்ணெய் தேய்த்தால்தான் எலும்பு இறுகும் என்கிறாள் பௌதி. எனக்குத் தேங்காயெண்ணெய்தான். கடைசியில் காலையில் அவள், மாலையில் நான். பேத்தி இரண்டுக்கும் சிரிக்கிறாள். உங்கள் மூக்கு அப்படியே வந்திருக்கிறது, பாவம்.

வருகிற மாதம் அவளுக்கு முகே பாத், முதன்முதலாகச் சோறு ஊட்டுகிற விழா. காலனியே சேர்ந்து செய்கிறது. பாயசம் பௌதி வீட்டில், சாம்பார் நம் வீட்டில். இங்கத்து வழக்கப்படி தாய்மாமனோ தாத்தாவோ ஊட்ட வேண்டும். நமக்கு அனு ஒருத்திதான். அதனால் காலனிப் பையன்கள் நான்தான் மாமா என்று போட்டி போடுகிறார்கள்.

யாரைக் கூப்பிடலாம் என்று அனுவைக் கேட்டேன். "எனக்கு மொதல் வாய் ஊட்டினது அப்பாதானேம்மா" என்றாள். அவ்வளவுதான், எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

நீங்கள் அவளிடம் பேச வேண்டாம். கோபத்தை விடுங்கள் என்றும் சொல்லவில்லை, கோபத்தோடேயே வாருங்கள். ஒரு வாய் ஊட்டிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினாலும் சரி. தாத்தா வருகிறார் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

வாசலைப் பார்த்தபடி,
தமயந்தி