பன்னிரண்டு என்று போட்ட பாட்டில்

அன்பு மகன் ஜாய்சனுக்கு, தொம்மலூரிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நான் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சிந்தியாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய், அதனால் கடிதம். டிரேவர் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். டிரேவரை உனக்குத் தெரியும், பிரிஜெட் டீச்சரின் மகன். பாட்டுக்குழுவில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடிய அதே பிரிஜெட் டீச்சர். அவரைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். போனில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன். லைன் சரியில்லாமல் உனக்குக் கேட்காமல் போயிருக்கக் கூடாது பார்.

எழுபத்துநாலு வயதில் கல்யாணமா, கோயிலில் தடை சொல்வேன் என்றாய். சரி. இரண்டு ஞாயிறு கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது. தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று எல்லோர் காதிலும் விழும்படிதான் வாசிக்கிறார்கள். சாமியாரின் நம்பரையும் டிரேவர் அனுப்புவான், போட்டுப் பேசு. ஆனால் வயது ஒரு தடையில்லை என்று அவரே என்னிடம் சொல்லிவிட்டார். வேறு ஏதாவது தேடிக்கொள்.

நடுவில் ஒரு கலாட்டா நடந்தது, அதையும் கேள். போன மாதம் டிரேவர் முறையாகப் பேச வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு ஸ்காட்ச் பாட்டில், சிங்கிள் மால்ட். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பீன்யா பாக்டரியில் லேத்தில் நின்றவனுக்கு எண் தெரியாமல் இருக்குமா. நீ இருக்கும் கென்டக்கியிலிருந்து கொண்டுவரும் பர்பன் விஸ்கியில் நூறு என்று போட்டிருக்கும். அது வீரியத்தின் கணக்கு என்று நீதான் சொன்னாய். இவன் வைத்த பாட்டிலில் பெரிதாகப் பன்னிரண்டு. கிழவனுக்கு இது போதும் என்று தண்ணீர்ச் சரக்கைக் கொண்டுவந்திருக்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. "என் மகன் நூறு கொண்டாந்து தரான், நீ பன்னெண்டு கொண்டாந்திருக்கே. யார் வீட்லயாவது ஞானஸ்நானம் நடந்தா அங்க குடு தம்பி" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம் அங்கிள்" என்று பாட்டிலோடு இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் டீச்சர் அதே பாட்டிலோடு வந்தார். உட்காரக்கூட இல்லை. "பன்னெண்டுங்கறது வருஷம். அத்தன வருஷம் அது பீப்பாய்க்குள்ள பொறுமையா இருந்திருக்கு. உங்களால பன்னெண்டு நிமிஷம் பொறுக்க முடியல" என்றார். வீரியம் வேறு மூலையில் சின்னதாக நாற்பத்துமூன்று என்று இருந்ததாம். உன் நூறு உங்கள் ஊர் இரட்டைக் கணக்காம், பாதியாக்கினால் ஐம்பதுதானாம். இத்தனை நாள் என்னிடம் நன்றாகத்தான் பெருமையடித்திருக்கிறாய்.

டிரேவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, லேபிளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். சிங்கிள் என்றால் ஒரே பீப்பாயில் எடுத்தது, என் மகன் ஒருதரம் அப்படியொரு பர்பன் கொண்டுவந்தான் என்றேன். அது வேறாம். இதில் ஒரே ஆலையில் வடித்தது என்றுதான் அர்த்தமாம், உள்ளே பல பீப்பாய்ச் சரக்கு கலந்திருக்குமாம். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி, உங்கள் ஊர் மாதிரி மக்காச்சோளம் இல்லை.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு. உள்ளே இருபது வருடத்துச் சரக்கே கலந்திருந்தாலும், இருப்பதில் எது இளையதோ அதன் வயதைத்தான் லேபிளில் போட வேண்டுமாம். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. அந்தக் கணக்குப்படி எங்கள் கல்யாணத்துக்கு வயது அறுபத்தாறு. இந்த வரியை எழுத மாட்டேன் என்று டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆமாம், எழுதுவது அவர்தான். சொன்னதை எழுதினால்தான் ஆயிற்று என்று எழுத வைத்திருக்கிறேன்.

லேபிளின் கடைசி வரியில் பர்பன் பீப்பாய் என்று வந்தது. திரும்பப் படிக்கச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு தடவையும் புதுப் பீப்பாய்தான், ஒருதரம் ஊற்றியதில் மறுபடி ஊற்ற மாட்டோம் என்று நீ மொட்டைமாடியில் நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் கழித்துவிடும் அந்தப் பீப்பாயில்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை ஊறவைக்கிறார்கள். முன்பு இருந்ததன் வாசனை மரத்தில் அப்படியே தங்குமாம். அதை அவர்கள் மறைப்பதில்லை, லேபிளிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

உன் அம்மா லவினாவின் படம் முன்னறையில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தொடக் கூடாது என்று முதலில் சொன்னது டீச்சர், நான் இல்லை.

அன்றைக்கே அடுகோடியில் டிரேவரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அங்கிள், எங்கம்மா கிட்ட வாங்கினதே உங்களுக்குப் போதும்" என்றான். நல்ல பையன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. நீ சிந்தியாவைக் கட்டியபோது, வேறு சபை, சி.எஸ்.ஐ. பெண் நமக்கெதற்கு என்று சொந்தமெல்லாம் குதித்தது. இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு உன் பெரியப்பா நோயல் தடை சொல்ல எழுந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். குடை விழுந்த சத்தத்தில் கோயிலே திரும்பிப் பார்த்தது. நீ பாட்டுக்குழுப் பக்கம் இருந்தாய், யாரோ குடையைத் தவறவிட்டார்கள் என்றுதான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சாகும்வரை என் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. நீ வைத்துவிட்டுப் போன பர்பனில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதன் பக்கத்தில் நிற்கிறது. நீ வந்தாலும் கல்யாணம் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். இதை நன்றாக அழுத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஞாயிறு ஓலை வாசிக்கும்போது யாராவது எழுந்தால், கையைப் பிடித்து உட்கார வைக்க எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். டிரேவர் நான் உட்காருகிறேன் என்றான். அவனை அடுத்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டையும் உன் பிள்ளைகளையும் ஆண்டவர் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா
இன்னாசிமுத்து
(கீழே இருப்பது என் பெருவிரல்)