பத்தாவது ஆள்

மச்சான்,

நேற்று சான் ஹோசேயில் நம் பழைய அபார்ட்மென்ட் கும்பல் கூடியது. பிரியாணி டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை. பக்கத்தில் தயிர்ப் பச்சடி. ஒருவன், "பச்சடியத் தள்ளி வைங்கடா, நம்ம யூதரு வந்துரப்போறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். நீ செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவன்களுக்கு ஜோக் வேண்டியிருக்கிறது.

நீ யூத மதத்துக்கு மாறப் போகிறேன் என்றபோது நானும் உன்னோடு சண்டைதான் போட்டேன். ஆனால் முகத்துக்கு நேராகப் போட்டேன்.

"கறிக்கொழம்பு தின்னுட்டு மோர் குடிக்க மாட்டியா? மோருக்கெல்லாம் கோவிச்சுக்கிற சாமி எந்த சாமிடா?"

"பாலும் கறியும் சேரக் கூடாது மச்சான். சட்டம்."

"பொண்ணு யாரு? அத மொதல்ல சொல்லு."

பெண் யாரும் இல்லை. அதை நானும் நம்பவில்லை, அந்த யூதக் கோவிலிலும் யாரும் நம்பவில்லை. அங்கே குருவாக இருந்த ரபி உன்னைத் திரும்பத் திரும்பத் துரத்தினார். வருகிறவனைத் துரத்திப் பார்ப்பதுதான் அவர்கள் முறை என்று நீ பெருமையாகச் சொன்னாய்.

"தொரத்துனா போயிரணும்டா. வெக்கமா இல்ல?"

"எங்க வீட்ல கேள்வி கேட்டா அறை விழும். இங்க கேக்கலைன்னாதான் கோவிச்சுக்கறாங்க" என்றாய்.

நான் காலேஜைப் பாதியில் விட்டபோது மற்றவர்கள் எல்லாம் ரூமைக் காலி பண்ணச் சொன்னார்கள். நீ மட்டும் எதுவும் சொல்லாமல் எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தாய். அதனால்தான் உன் கார் ரிப்பேரான சனிக்கிழமைகளில் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டேன். சனிக்கிழமை வண்டியில் ஏறவே கூடாது என்பது அவர்கள் சட்டம் என்பதால், யார் கண்ணிலும் படாமல் தெருமுனையிலேயே இறங்கி நடப்பாய். சட்டத்தை மீறித்தான் வருகிறாய் என்று உனக்கே தெரியும். நடந்து போகிற தூரத்தில் வீடு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

மூன்று பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னாய். தண்ணீரில் முழுக்க முங்கி எழுந்தாய். புதுப் பெயர் கொடுத்து யூதனாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரமே, வழிபாடு முடிந்து சாப்பிடும் இடத்தில், ஒரு கிழவர் உன்னிடம் காலிக் கோப்பையை நீட்டி இன்னும் காபி கொண்டுவரச் சொன்னார். நீ கொண்டுபோய்க் கொடுத்தாய்! காரில் ஏறிச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர் உன்னை வேலைக்காரன் என்று நினைத்திருக்கிறார் என்று நான் கத்தினேன்.

"மாறி வந்தவனோட பழச ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு அவங்க சட்டத்துலயே இருக்கு மச்சான்."

"உன் மூஞ்சியே ஞாபகப்படுத்துதே. அதுக்கு என்ன சட்டம் வெச்சிருக்காங்க?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? மாறி வருகிறவர்களுக்கெல்லாம் ஆபிரகாம்தான் அப்பா, கோவிலில் ஆபிரகாமின் மகன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஈரோட்டுக்கு போன் போட்டு உன் அப்பாவிடமே சொன்னாய். இப்படி ஒரு முட்டாள் உண்டா? ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அப்பறம் எம் பேரு எதுக்குடா உனக்கு? இனிஷியல எடுத்துப் போடு" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் அவர் எடுக்கவில்லை.

மழையில் ஃப்ரீவேயில் அந்த லாரி உன் மேல் ஏறிய பிறகு, அவரே எனக்குக் கூப்பிட்டார். "பாடிய அனுப்பு தம்பி. எம் பையன். நாந்தான் கொள்ளி வெப்பேன்." அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

உன்னை எரிக்கக் கூடாது, மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய். ரபியிடம் ஓடினேன். "எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் குடும்பம் கேட்கும்போது நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். உனக்காகச் சண்டை போட ஒரு ஆள் இல்லை. நீ பெட்டியில் ஊருக்குப் போனாய். எரித்தார்கள்.

அடுத்த வாரம் அந்தக் கோவிலுக்குப் போய், உனக்காகப் பிரார்த்தனையாவது சொல்லுங்கள் என்றேன். ரபி சம்மதித்தார். இறந்தவருக்கான அந்தப் பிரார்த்தனையைச் சொல்லப் பத்து யூதர்கள் வேண்டுமாம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அரை மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னிடம் ஒருவர், "நீங்கள் யூதரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

காபி கேட்ட அந்தக் கிழவரும் அங்கே இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் இருந்திருந்தால் ஆரம்பித்திருக்கலாம். அவன் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை."

பத்தாவது ஆள் வரவேயில்லை. பிரார்த்தனையைச் சொல்லாமலே விளக்கை அணைத்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் மச்சான்? நீ அதை வைத்துக்கொண்டே வாழ்ந்திருப்பாய். இப்போது அது என்னிடம் இருக்கிறது. பீட்சா டெலிவரிக்குப் போகிற வழியெல்லாம் கூடவே வருகிறது. அதைக் கொடுக்க வேண்டியது உன்னிடம்தான். உன்னை எங்கே வந்து பார்ப்பது? ஒரு கல்லறைகூட இல்லையே.